கைவிளக்கும் கணக்கேடும்: புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வரலாறு

மருந்து என்பது யாது என்று சொல்ல வந்த வள்ளுவப் பெருந்தகை அதனை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன் ஒருவன், அந்நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, நான்காவதாக, நோயாளியின் பக்கத்தில் இருந்து பேணும் உழைச்செல்வான் ஒருவன். முதல் மூன்றையும் உலகம் நன்கு அறியும். மருத்துவர்க்குப் புகழும் பொருளும் உண்டு. மருந்துக்குக் கடையும் விளம்பரமும் உண்டு. நான்காமவரைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பெரும்பாலும் அவர் அவ்வீட்டின் தாயாகவோ, மனைவியாகவோ, மகளாகவோ இருப்பார். இரவெல்லாம் கண்விழித்திருப்பார். நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கியதும் தாம் படுத்துக்கொள்வார்.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம்போன்றோர் இதனை மற்றவரினும் நன்கு உணர்வர். ஊரில் என்றால் அத்தை வருவார், சித்தி வருவார், அடுத்த தெருவிலிருந்து பாட்டி கஞ்சி காய்ச்சிக் கொண்டு வருவார். இங்கோ, நமக்குச் சரளமாக வாராத மொழி பேசும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வெந்நீர்க் கூஜாவும் கையுமாகத் தனியே நிற்கிறோம். அவ்வாறு நின்ற அனுபவம் இக்கட்டுரையாளனுக்கும் ஒருமுறை உண்டு. அன்று நள்ளிரவில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு சென்ற ஒரு செவிலியைக் கண்டபோதுதான், பள்ளிப் பாடநூலில் படித்து மறந்துபோன ஒரு பெயர் மீண்டும் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயருக்குரியவரை, கையில் விளக்கேந்திய கருணை வடிவாக மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். மற்றொரு கையில் அவர் ஏந்தியிருந்த கணக்கேட்டைப் பற்றி நமக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலி நாட்டில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர், பெருஞ்செல்வர். திருமணம் முடிந்து ஐரோப்பாவில் உலாவிய காலத்தில் பிறந்த மகளிர்க்குப் பிறந்த ஊரின் பெயரையே இட்டனர். மூத்தவள் நேப்பிள்ஸ் நகரில் பிறந்தமையால் அந்நகரின் பழங் கிரேக்கப் பெயரான பார்த்தெனோப் என்பதைப் பெற்றாள். இளையவளுக்குப் புளோரன்ஸ் நகரின் பெயர் வாய்த்தது. இங்கிலாந்தில் இவர்களுக்கு இரண்டு மாளிகைகள் இருந்தன. கோடையில் ஒன்று, மற்றக் காலத்தில் மற்றொன்று. தந்தையார் வில்லியம் நைட்டிங்கேல் கல்வியில் திளைத்தவர். ஆண்மக்கள் இல்லாத குறையோ என்னவோ, பெண்களுக்குத் தாமே கிரேக்கமும் இலத்தீனும் வரலாறும் தத்துவமும் கற்பித்தார். இளைய மகளோ இவை போதாவென்று கணிதமும் கற்கவேண்டும் எனப் பிடிவாதம் பிடித்தாள். தாயாருக்கு இஃது விளங்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குப் பியானோவும் பூத்தையலும் போதாவா என்பது அவர் கருத்து.

1837ஆம் ஆண்டு பிப்ரவரியில், பதினாறு வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அப்பெண் உணர்ந்தார். என்ன தொண்டு என்பது அப்போது தெரியவில்லை. தெரிவதற்கு ஆண்டுகள் சில ஆயின. 1845இல் நோயுற்ற பாட்டியாரையும், பின்னர்த் தம்மை வளர்த்த முதிய தாதியையும் அருகிருந்து பேணினார். அன்பு மட்டும் இருந்தால் நோயாளியைக் காப்பாற்றிவிட முடியாது, அதற்குக் கற்றறிந்த திறன் வேண்டும் என்பது அவ்வாண்டுகளில் அவர் மனத்தில் வேரூன்றியது. அருகிலிருந்த சாலிஸ்பரி மருத்துவமனையில் மூன்று மாதம் பயிற்சி பெற விரும்புவதாக வீட்டில் சொன்னார். வீடே கலங்கியது. அக்காலத்து ஆஸ்பத்திரித் தாதி என்றால் குடிப்பழக்கமும் ஒழுக்கக்கேடும் உடையவள் என்பது ஊரறிந்த பேச்சு. தாயார் அழுதார், தமக்கை மயங்கி விழுந்தார். அத்திட்டம் கைவிடப்பட்டது.

எட்டு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. பகலில் விருந்தினரை உபசரிப்பார். விடியுமுன் எழுந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் மருத்துவமனை அறிக்கைகளையும் சுகாதாரக் கணக்குகளையும் படித்துக் குறிப்பெடுப்பார். அறிவும் பண்பும் நிறைந்த ரிச்சர்டு மாங்க்டன் மில்ன்ஸ் என்பவர் மணம் பேசியபோது, விருப்பம் இருந்தும் 1849இல் மறுத்துவிட்டார். இறுதியில் 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிலையத்தில் மூன்று மாதப் பயிற்சி கிட்டியது. 1853இல் இலண்டனில் நோயுற்ற நடுத்தரக் குடும்ப மாதரைப் பேணும் சிறு நிலையம் ஒன்றின் தலைமை கிடைத்தது. தந்தையார் மனமிரங்கி ஆண்டுக்கு 500 பவுன் கொடுக்க உடன்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

மறு ஆண்டே இங்கிலாந்து கிரிமியப் போரில் இறங்கியது. காயமுற்ற வீரர்கள் கருங்கடல் கடந்து, கான்ஸ்டான்டினோபிள் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரியில் கவனிப்பாரின்றிக் கிடப்பதை டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. இங்கிலாந்து கொதித்தெழுந்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் இவரது நண்பர். 1854 அக்டோபர் 21ஆம் நாள் 38 தாதியருடன் அம்மையார் புறப்பட்டு, நவம்பர்த் தொடக்கத்தில் ஸ்கூட்டாரி வந்து சேர்ந்தார்.

அங்கே இராணுவ மருத்துவர்கள் அவரை வரவேற்கவில்லை. பெண்களுக்கு இங்கே என்ன வேலை என்றனர். அம்மையார் வாதாடவில்லை. மருத்துவர் அழைக்கும்வரை தம் தாதியர் எவரும் நோயாளியின் அருகே செல்லலாகாதென்று கட்டளையிட்டு, அவர்களைத் தலையணையும் கட்டுத்துணியும் தைக்கச் செய்து காத்திருந்தார். சில நாட்களில் இன்கர்மன் போரில் காயமுற்றோர் கப்பல் கப்பலாக வந்து குவிந்தனர். மருத்துவர்கள் தாமே வந்து அழைத்தனர். தரை தேய்க்கும் துடைப்பான்கள் வாங்கப்பட்டன. அருகில் ஒரு வீட்டை அமர்த்தி, கொதிகலன் வைத்து, படைவீரரின் மனைவியரைக் கொண்டே அழுக்குத்துணி வெளுக்க ஏற்பாடாயிற்று. நோயாளிக்கேற்ற பத்திய உணவு தனியே சமைக்கப்பட்டது. இரவில் விளக்கோடு வலம் வந்தார் என்பது உண்மையே. ஆனால் படங்களில் வரைவதுபோல் அஃது அகல்விளக்கின் வடிவினதன்று. துருக்கியர் பயன்படுத்தும் மடிப்புக் கூண்டு விளக்கு.

அவர் செய்த மற்றொன்றைப் படங்கள் காட்டுவதில்லை. இறந்த வீரர்களின் தாய்மார்க்கும் மனைவியர்க்கும் அவரே கடிதம் எழுதினார். இறுதி நாட்கள் எவ்வாறு கழிந்தன, என்ன சொன்னார், எப்பொருளை விட்டுச் சென்றார் என்பதையெல்லாம் தெரிவித்தார். உயிருள்ள வீரர்கள் சம்பளத்தைக் குடித்தழிக்காமல் வீட்டுக்கு அனுப்ப வழி செய்தார். குடிகாரரிடம் சேமிப்பாவது என்று மேலதிகாரிகள் நகைத்தனர். ஆறு மாதத்தில் 71,000 பவுன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. ஊரில் பணவிடைக்குக் காத்திருக்கும் குடும்பத்தை உடைய எவரும் இச்செய்தியின் அருமையை அறிவர்.

இத்தனை செய்தும் அந்தக் குளிர்காலத்தில் ஸ்கூட்டாரியில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1855 பிப்ரவரியில் அங்குச் சேர்க்கப்பட்டவருள் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். காயத்தால் இறந்தவர் சிலர். வயிற்றுப்போக்காலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் இறந்தவரே பலர். மார்ச்சு மாதம் இலண்டனிலிருந்து சுகாதாரக் குழுவொன்று வந்து சேர்ந்தது. அக்கட்டடம் முழுதும் அடைபட்ட சாக்கடைகளின்மேல் நின்றிருந்ததையும், குடிநீர் வரும் வழியில் செத்த குதிரை ஒன்று கிடந்ததையும் அவர்கள் கண்டனர். ஐந்நூறுக்கு மேற்பட்ட கைவண்டி குப்பை அகற்றப்பட்டது, சாக்கடைகள் கழுவப்பட்டன, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது, காற்று வரச் சாளரங்கள் திறக்கப்பட்டன. சூன் மாதத்துக்குள் இறப்பு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது.

அம்மையாரின் வாழ்வில் திருப்பம் யாதெனில், யான் ஸ்கூட்டாரி சென்றதைச் சொல்லமாட்டேன். அங்கிருந்து திரும்பிய பின் நிகழ்ந்ததையே சொல்வேன். 1856 ஆகஸ்டில், வரவேற்புகளையெல்லாம் தவிர்த்து, புனைபெயரில் ஊர் திரும்பினார். அரசியைக் கண்டு பேசி, படையின் உடல்நலம் பற்றி ஆராய 1857இல் அரச ஆணைக்குழு அமையச் செய்தார். வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞருடன் சேர்ந்து ஒவ்வொரு மருத்துவமனையின் கணக்கையும் பிரித்து ஆராய்ந்தார். அக்கணக்கு காட்டியது என்ன? தாம் கண்விழித்துக் காத்த அந்த மருத்துவமனையே, போர்முனைக்கு அருகிலிருந்த சிறு மருத்துவமனைகளைக் காட்டிலும் அதிக உயிர்களைக் கொண்டது. அங்கே வந்தவர்களை அக்கட்டடமே கொன்றது. நாடே தம்மைத் தெய்வமாகப் போற்றிக்கொண்டிருந்த வேளையில் இவ்வுண்மை அவர் கைக்கு வந்தது. அதனை மறைத்திருக்கலாம், கேட்பார் இல்லை. அவரோ அதனை எழுதினார், அச்சிட்டார், எண்களைப் படித்தறியாத அமைச்சர்களும் கண்ட மாத்திரத்தில் விளங்கிக்கொள்ளும்படி வட்டப் படமாக வரைந்தார். பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு ஆப்புகள். தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தோர் நீலம், காயத்தால் இறந்தோர் சிவப்பு, பிற காரணங்கள் கறுப்பு. படத்தில் நீலமே பரந்து கிடந்தது. அமைதிக்காலத்திலும் படைக்கொட்டடியில் வாழும் இளைஞர், வெளியிலுள்ள ஒத்த வயதினரைவிட ஏறத்தாழ இருமடங்கு இறக்கின்றனர் என்பதையும் காட்டினார். பின்னர் புள்ளியியற் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது.

1857 ஆகஸ்டில் உடல் தளர்ந்து வீழ்ந்தார். கிரிமியாவில் பற்றிய காய்ச்சல் அவரை விட்டபாடில்லை. பின்வந்த பல ஆண்டுகள் அறையிலும் கட்டிலிலுமே கழிந்தன. பிறரைப் பேணக் கற்பித்தவர் தாமே நோயாளியானார். அந்த அனுபவம் இல்லாமல் 1859இல் வெளிவந்த நர்சிங் குறிப்புகள் என்னும் நூலை அவர் எழுதியிருக்க முடியாதென்றே தோன்றுகிறது. அந்நூல் தொழில் தாதியருக்காக எழுதப்பட்டதன்று. வீட்டில் ஒருவரைப் பேணும் பொறுப்பு எந்தப் பெண்ணுக்கும் என்றேனும் வரும், அவளுக்காக எழுதப்பட்டது. 1861இல் உழைக்கும் மக்களுக்கென மலிவுப் பதிப்பும் வந்தது. அதில் குழந்தையைக் கவனிக்கும் சிறுமிகளுக்கென்று ஓர் அத்தியாயம் சேர்த்தார்.

அதிலுள்ளவை பல, நம் வீடுகளுக்கு இன்றும் பொருந்தும். நோயாளிக்குக் குளிர் தாக்காமல் தூய காற்று வரவேண்டும் என்பது முதல் விதி. வாயிற்படிக்கு வெளியே நின்று உறவினர் குசுகுசுவெனப் பேசுவதைப்போல் நோயாளியைத் துன்புறுத்துவது வேறில்லை என்கிறார்; தம்மைப் பற்றித்தான் பேசுகின்றனர் என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். நோயாளியின் பின்னால் நின்று பேசலாகாது. அவர் கழுத்தைத் திருப்பித் துன்புறுவார். உண்ணாத உணவைக் கட்டிலருகிலேயே வைத்துவிட்டுப் போகலாகாது. அதைப் பார்த்துப் பார்த்தே வெறுப்பு வரும். பார்க்க வருவோர், ஒன்றுமில்லை, நாளைக்கே எழுந்து ஓடுவீர் என்று சொல்லும் வெற்று ஆறுதலையும், ஆளுக்கொரு மருந்து சொல்லும் உபதேசத்தையும் ஓர் அத்தியாயம் முழுதும் சாடியிருக்கிறார். நம்மவர் வழக்கத்தைக் கண்டே எழுதினாரோ என்று படிப்போர் ஐயுறுவர்!

எனினும் எனக்கு மிகவும் பிடித்தது, சில்லறை நிர்வாகம் என்று அவர் தலைப்பிட்ட பகுதி. நீ அருகில் இருக்கும்போது நடப்பவையெல்லாம் நீ இல்லாதபோதும் நடக்க ஏற்பாடு செய்துவிட்டாயா என்பதே அதன் கேள்வி. தானே எல்லாவற்றையும் செய்து, உறங்காமல் உழன்று, ஒருநாள் தானும் விழுந்துவிடும் தாய் நல்ல உழைச்செல்வாள் ஆகமாட்டாள். பொறுப்பைப் பகிரத் தெரிந்தவளே நோயாளியையும் காப்பாள், தன்னையும் காத்துக்கொள்வாள். நோயாளியைப் பேணும் குடும்பத்தாரின் சுமையை அளக்க 1980இல் ஸ்டீவன் ஸாரிட் என்ற அறிஞரும் அவர் துணைவரும் ஒரு வினாத்தாள் வகுத்தனர். உலகெங்கும் செவிலியர் ஆராய்ச்சியில் அது பயன்படுகிறது. இக்கேள்வியின் விதை அம்மையாரின் நூலிலேயே உள்ளது. அவ்வாறே, படுத்திருப்பவர் சாளரத்தின் வழியே எதையேனும் காணவேண்டும், நிறமும் மலரும் உடலையே தேற்றும் என்று அவர் எழுதியதைப் பலர் கவிஞர் கற்பனை என்றனர். 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்கர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் ஏடுகளை ஒப்பிட்டார். பாதிப்பேரின் சாளரத்துக்கு வெளியே மரங்கள். மற்றப் பாதிக்குச் செங்கற்சுவர். மரங்களைக் கண்டவர் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

மக்கள் திரட்டித் தந்த நிதியைக்கொண்டு 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், மரணப்படுக்கையில் இருந்த தம் மனைவியைப் பேணிய தாதியைக் கொண்டே ஏழைகளின் வீடுகளில் நோயாளிகளைக் கவனிக்கச் செய்தார். அம்மையாரிடம் ஆலோசனை கேட்டு அங்கும் ஒரு பள்ளி நிறுவினார். வீடு தேடிச் செல்லும் செவிலி, நோயாளியை மட்டும் பார்த்துத் திரும்பலாகாது. அறையைச் செம்மை செய்யவேண்டும், வீட்டாருக்கு அதைக் காக்கக் கற்பிக்கவேண்டும் என்பது அம்மையாரின் கொள்கை.

அவர் குறையில்லாதவர் அல்லர். உடல்நலம் கெட்ட சிட்னி ஹெர்பர்ட்டை இரக்கமின்றி வேலைவாங்கினார் என்பர். 1861இல் அவர் இறந்தபின் பெரிதும் வருந்தினார். நோய் கிருமியால் பரவுகிறது என்பதை நெடுங்காலம் ஏற்க மறுத்தார். ஆனால் எண்கள் தம்மை எதிர்த்தபோது எண்களின் பக்கமே நின்றார். கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அவரது நிதியால் நடந்த பிரசவப் பகுதியில் தாய்மார் இறப்பு ஆயிரத்துக்கு 33 என்று கண்டதும் 1867இல் அது மூடப்பட்டது. வீட்டில் பிரசவிப்போருள் இறப்பவர் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஐவரே என்று ஒப்பிட்டு, 1871இல் அத்தோல்வியையே ஒரு நூலாக வெளியிட்டார்.

அவர் இந்தியாவில் கால்வைத்ததில்லை. ஆயினும் நாற்பது ஆண்டு இந்தியாவைப் பற்றியே எழுதினார். 1859இல் அமைந்த ஆணைக்குழுவுக்காக இந்நாட்டு இராணுவ நிலையங்கள் அனைத்துக்கும் வினாத்தாள் அனுப்பினார். பிரிட்டிஷ் வீரர் ஆயிரவருள் ஆண்டுதோறும் 69 பேர் இங்கு மாண்டுகொண்டிருந்தனர். 1863இல் அறிக்கை வெளிவந்தது; மறு ஆண்டு சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணைக்குழுக்கள் ஏற்பட்டன. பத்தாண்டில் அவ்வெண் 18ஆகக் குறைந்ததென்று அவரே கணக்குக் காட்டினார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு, கிரிமியப் போர்க்காலத்தில் கான்ஸ்டான்டினோபிள் தூதரகத்தில் பணிபுரிந்தவர். சென்னையிலிருந்து அம்மையாரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் அவரை உலுக்கியது. படைவீரனைப் பற்றித் தொடங்கியவர் குடியானவனைப் பற்றி எழுதலானார். நீர்ப்பாசனம் வேண்டும் என்று ஆர்தர் காட்டன் பக்கம் நின்று வாதாடினார். உழவனை அழுத்தும் கடனையும் வட்டியையும் கண்டித்தார். எழுபது வயது கடந்தும் இந்தியக் கிராமச் சுகாதாரம் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

இடையில் ஒரு கடமை வந்து சேர்ந்தது. 1874இல் தந்தையார் காலமானார். தாயாருக்குக் கண்பார்வை போயிற்று, நினைவும் தடுமாறியது. மருத்துவமனைக்குச் செல்ல மகளைத் தடுத்த அதே தாயார். ஐம்பத்து நான்கு வயதில், தாமும் நோயாளியாக, மகள் அவர் பக்கத்தில் அமர்ந்தார். கோடைதோறும் பழைய மாளிகைக்கு அழைத்துச் சென்று, உதவிக்கு ஆட்களை வைத்துக்கொண்டும், தாங்க முடியாதபோது சலித்துக்கொண்டும், 1880இல் தாயார் தொண்ணூறு கடந்து மறையும்வரை பேணினார். மருத்துவமனைகளை ஆண்டவருக்கும் அந்த ஆறு ஆண்டு எளிதாய் இருக்கவில்லை.

1905இல் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியடிகள் தம் இந்தியன் ஒப்பீனியன் ஏட்டில் இவரைப் பற்றி எழுதினார். 1907இல் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் விருதைப் பெற்ற முதல் பெண்மணி ஆனார். அப்போது அவருக்குப் பார்வையும் நினைவும் மங்கியிருந்தன. 1973 முதல் இந்திய அரசு சிறந்த செவிலியர்க்கு அவர் பெயரால் விருது வழங்கிவருகிறது. அவர் பிறந்த மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1910 ஆகஸ்டு 13ஆம் நாள் இலண்டனில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்று அரசு முன்வந்தது, உற்றார் மறுத்தனர். ஹாம்ப்ஷயர்ச் சிற்றூர் ஒன்றின் கோயில் முற்றத்தில், பெற்றோர் பக்கத்தில், படைவீரர் சுமந்து சென்று அடக்கம் செய்தனர். கல்லில் முழுப்பெயர் இல்லை. எஃப். என். என்னும் இரண்டு எழுத்துகளும், பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.